கஸ்தூரியார் வீதியில் ஒரு சர்வகலாசாலை

'செய்யும் தொழிலே தெய்வம்' என்னும் வாக்கை அறியாத தமிழர் இலர். பள்ளிக்கூடச் சுவர்களில் அதனை எழுதி வைத்திருக்கின்றோம். கடைகளிலே சுவாமி படத்தின் அருகே கண்ணாடியிட்டு மாட்டி வைத்திருக்கின்றோம். வாணிவிழாக் காலத்தில், ஆயுத பூசையன்று, தச்சருடைய உளியும், கொல்லருடைய சுத்தியலும், தையற்காரருடைய இயந்திரமும், மாணவருடைய புத்தகமும் பூசையில் வைக்கப்பட்டுச் சந்தனமும் பூவும் பெறுகின்றன. ஆனால், நாவிதருடைய கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் அப்பீடத்தில் நாம் மனமுவந்து இடமளித்தோமா? தொழிலைத் தெய்வமென்று போற்றிய நாம் தொழிலாளியை எங்கே நிறுத்தி வைத்தோம்?

இக்கேள்விக்கு விடை தேடித் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. நம் மண்ணிலே பிறந்து, சவரத் தொழில் செய்து, அத்தொழிலின் வருவாயால் குடும்பத்தைக் காத்து, அத்தொழில் நடந்த இடத்திலிருந்தே ஒரு சஞ்சிகையை ஆரம்பித்து, நாற்பத்தாறு ஆண்டுகள் அதனை நடத்திக் காட்டிய ஒரு மனிதரின் வாழ்க்கையில் அவ்விடை இருக்கின்றது. அவரே 'மல்லிகை' ஆசிரியர் டொமினிக் ஜீவா அவர்கள்.

அன்னார் 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆந் திகதி, தமது 93ஆவது வயதில், கொழும்பிலே காலமானார். அவர் நம் சமயத்தவர் அல்லர். கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். பின்னர் பொதுவுடைமைக் கொள்கையைத் தழுவியவர். இந்து வாலிபர்களின் மலரில் அவருக்கு இடம் எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். அவர் பட்ட அவமானங்கள் ஒரு சமயத்தார் மாத்திரம் செய்தவை அல்ல. கோயில் வாசலிலும் தேவாலய வாசலிலும் ஒரே சாதிதான் காவல் நின்றது. எனினும், இம்மண்ணிலே பெருந்தொகையினராக வாழ்ந்தவர் நாமாகையால், கணக்கிலே பெரும்பங்கும் நம்முடையதே. அதனை ஒப்புக்கொள்வதற்கு நமது சங்க மலரைவிடத் தகுந்த இடம் வேறில்லை என்று கருதுகின்றோம்.

அக்காலத்து யாழ்ப்பாணம்

ஜீவா அவர்கள் பிறந்தது 1927ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆந் திகதி. அவர் ஐந்து மாதக் குழந்தையாக இருக்கையில், அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு விஜயஞ் செய்தார். அவரை அழைத்தவர்கள் இளைஞர்கள். 1924ஆம் ஆண்டிலே தோன்றி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்ற மாணவர் காங்கிரசாரே அப்பெருமைக்குரியவர்கள். தீண்டாமை ஒழிய வேண்டுமென்று காந்தியடிகள் இங்கே பேசினார், கூட்டத்தார் கைதட்டினர். கைதட்டிய கைகளுட் பல, வீடு திரும்பியதும் படலையைப் பழையபடியே சாத்திக்கொண்டன.

அப்பழைய முறையைச் சிறிது விளக்குதல் நலம். இன்றைய மாணவர் பலர் அதனைக் கண்டிலர். கிராமத்திலே நாவிதர் 'குடிமகன்' எனப்பட்டார். வீடு வீடாகச் சென்று சவரஞ் செய்தல் அவர் கடமை. வீட்டின் முன்வாயிலால் அவர் வருதல் வழக்கமன்று. கோடிப்புறத்தால் வந்து, அங்கேயே தமது தொழிலைச் செய்து, அவ்வழியே போய்விட வேண்டும். பிறப்பிலும், கலியாணத்திலும், மரணத்திலும் அவரின்றிக் கிரியை நடவாது. ஆனால் அவ்வீட்டுப் பந்தியிலே அவருக்கு இடமில்லை. கூலி காசாகக் கிடைப்பது அருமை. அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கிடைக்கும். நரைத்த தலையுடைய அம்முதியவரை, அவர் கையால் முடி வெட்டிக்கொள்ளும் ஐந்து வயதுச் சிறுவன் 'நீ' என்று அழைப்பான். அதனைத் திருத்துவார் வீட்டில் எவரும் இரார்.

பாடசாலையின் நிலையும் இதற்கு வேறானதன்று. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்று 1930ஆம் ஆண்டளவில் விதி வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையின் அருகே வாங்கில் இருப்பதா, தரையில் இருப்பதா என்பதற்காகப் பெரியவர்கள் சண்டையிட்ட காலம் அது. அக்காலத்திலேதான் டொமினிக் என்னும் சிறுவன் சிலேற்றுடன் பள்ளிக்கூடம் சென்றான். ஐந்தாம் வகுப்புடன் அவன் கல்வி முடிந்தது. படிப்பு வராமையால் அன்று. ஓர் ஆசிரியர் அவனது குலத்தொழிலைச் சுட்டி வகுப்பிலே இழிவுபடுத்தியதால் அவன் பள்ளியை விட்டு வெளியேறினான். எந்தத் தொழிலைச் சொல்லி இகழ்ந்தார்களோ, அந்தத் தொழிலிடத்துக்கே அவன் போய்ச் சேர்ந்தான்.

நாற்காலியும் வாங்கும்

யாழ்ப்பாண நகரத்துக் கஸ்தூரியார் வீதியிலே, பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் அண்மையில், ஜோசப் சலூன் என்னும் சவரச்சாலை இருந்தது. அது ஜீவா குடும்பத்தாரின் சிறு தொழிலகம். சவரச்சாலையே தமது சர்வகலாசாலை என்று பிற்காலத்தில் அவர் பெருமையுடன் கூறிக்கொள்வதுண்டு. இதனை வெறும் அலங்கார வார்த்தையாக நாம் கொள்ளலாகாது.

கிராமத்துக் கோடிப்புறத்தில் நின்ற நாவிதர் ஊழியர். நகரத்துச் சலூனில் நின்ற நாவிதர் கடைக்காரர். அங்கே அவர் எவர் வீட்டுக்கும் போவதில்லை. ஊரார்தான் அவரைத் தேடி வருகின்றனர். வருபவர் தமது முறை வரும்வரை வாங்கிலே காத்திருக்கின்றார். வேலை முடிந்ததும் காசை எண்ணி வைக்கின்றார். நெல் மூட்டைக்குப் பதிலாகக் காசும், ஏவலுக்குப் பதிலாக முறையும் வந்தமை சிறிய மாற்றமன்று. ஆயினும் கடை வந்தவுடன் அநீதி ஒழிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. தேநீர்க் கடைகளிலே சிலருக்கு வேறு பாத்திரம் வைத்திருந்ததுபோல, சலூன் நாற்காலியும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. தாழ்த்தப்பட்டோர் தமக்குள்ளும் படிகள் வகுத்துக்கொண்டமை நம் சாதிமுறையின் கொடிய சாமர்த்தியம்.

வாங்கிலே காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. பத்திரிகை படிப்பார், அரசியல் பேசுவார், ஊர்ப் புதினம் சொல்வார். ஆசிரியர், எழுதுவினைஞர், வியாபாரி, தொழிற்சங்கத்தார் என்று பலர் தலையும் ஒரே நாற்காலியிற் சாயும். கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருக்க, அதனைப் பிடித்திருப்பவரின் செவி திறந்திருக்கும். ஐந்தாம் வகுப்புடன் படிப்பை இழந்த ஓர் இளைஞன் உலகத்தைக் கற்றது இவ்வாறே.

அவர் பெயரின் பின்பாதியும் அக்காலத்தில் வந்ததே. சென்னை மாகாணத்திலே பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், அக்கட்சித் தலைவரும் இலக்கிய அன்பருமான ப. ஜீவானந்தம் தலைமறைவாக இலங்கைக்கு வந்திருந்தார். அவரைக் கண்டு, அவர் பேச்சைக் கேட்டு, மனம் பறிகொடுத்த டொமினிக், அவர் பெயரைத் தம் பெயருடன் இணைத்துக்கொண்டு டொமினிக் ஜீவா ஆனார்.

முடி வெட்டிய கை கதை எழுதத் தொடங்கிற்று. 1954ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் அவரும் ஒருவரானார். சென்னையிலிருந்து வெளிவந்த 'சரஸ்வதி'யிலும் அவர் கதைகள் இடம்பெற்றன. 1960ஆம் ஆண்டில் 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதி நூலாயிற்று. அதற்கு ஸ்ரீ லங்கா சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. பின்னர் 'பாதுகை', 'சாலையின் திருப்பம்' முதலிய தொகுதிகள் வந்தன. பரிசு பெற்ற எழுத்தாளர் என்று நாடு சொன்னபோதும், தாம் சவரத் தொழிலாளி என்பதை அவர் எந்த மேடையிலும் மறைத்தாரில்லை. அதைச் சொல்லிக் காட்டி அவரைத் தாழ்த்தலாம் என்று எண்ணியவர்கள் கையில் ஆயுதம் இல்லாமற் போனது இதனாலேயே.

மல்லிகை பூத்தது

1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் 'மல்லிகை'யின் முதலாவது இதழ் வெளிவந்தது. அது பிறந்த காலத்தை மனங்கொள்ளல் வேண்டும். தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. ஆனால் சட்டம் புத்தகத்திலும் சாதி வீதியிலும் இருந்தன. மல்லிகை தோன்றி இரண்டு மாதங்களில், 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி, தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. தொடர்ந்து தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்தன. கோயிற் கதவைத் திறக்கச் சொல்லி ஒரு கூட்டம் வெயிலில் நின்றதையும், திறவாதே என்று மற்றொரு கூட்டம் உள்ளே நின்றதையும் நம் பெரியோர் சிலர் நேரிற் கண்டிருப்பர். எந்தப் பக்கம் நின்று கண்டனர் என்று நாம் கேட்கமாட்டோம்; அவர்களே தம் மனத்தைக் கேட்டுக்கொள்வார்களாக.

அத்தகைய காலத்திலே ஒரு சவரத் தொழிலாளி இலக்கியச் சஞ்சிகைக்கு ஆசிரியராகி, பண்டிதர்களின் கட்டுரைகளையும் பேராசிரியர்களின் விமரிசனங்களையும் வாங்கித் திருத்தி வெளியிட முன்வந்தார் என்றால், அதிலுள்ள துணிவை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கலைகளில் ஈடுபட்ட உள்ளம் பிறரது இழிநிலையைக் கண்டு பொறுத்திராது என்னும் கருத்துடைய பாரதியார் வரிகளை மல்லிகை தன் முகப்பு வாசகமாகக் கொண்டிருந்தது.

சஞ்சிகை நடத்துவதும் ஒரு சிறு தொழிலே. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்தாக ஈய அச்சைக் கையாற் பொறுக்கிக் கோக்க வேண்டும். கோத்ததைப் படியெடுத்துப் பிழை திருத்த வேண்டும். பக்கங் கட்ட வேண்டும். அச்சான பின் எழுத்துகளைப் பிரித்துப் பழையபடி அறைகளில் போட வேண்டும். கடதாசி முற்பணத்துக்குத்தான் வரும். விற்ற பணமோ, வருமானால், பிந்தித்தான் வரும். கல்கி, ஆனந்த விகடன், குமுதம் முதலிய தென்னிந்தியச் சஞ்சிகைகள் கடைகளிலே குவிந்து கிடந்தமையால், உள்ளூர்ச் சஞ்சிகையை வாங்குவார் சிலரே. 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் அவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பின்னரே ஈழத்துச் சஞ்சிகைகளுக்குச் சிறிது மூச்சு வந்தது.

ஜீவா கண்ட வழி எளியது. விற்பனையாளரைத் தேடி அவர் காத்திருக்கவில்லை, தாமே விற்பனையாளரானார். வெள்ளை வேட்டியும் வெள்ளை நேஷனலும் அணிந்து, இதழ்க் கட்டைச் சுமந்து, வீதி வீதியாகவும் கூட்டங் கூட்டமாகவும் சென்று, ஒவ்வொரு பிரதியாக வாசகர் கையிற் கொடுத்துக் காசு வாங்கினார். ஆசிரியரே சுமந்து விற்பதா என்று சிலர் நகைத்திருக்கலாம். ஆனால் சலூன் நாற்காலியின் பின்னே நின்று பழகியவருக்கு உழைத்துக் காசு வாங்குவதில் வெட்கமில்லை. காசு வாங்காமல் ஏங்கி நிற்பதே வெட்கம்.

மல்லிகையின் அட்டையிலே எழுத்தாளர், கலைஞர், கல்விமான் முதலியோரின் உருவப்படங்கள் வந்தன. உள்ளே அவர்களைப் பற்றிய குறிப்புகள் இருந்தன. வடக்கு, கிழக்கு, மலையகம் என்ற பேதமின்றியும், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றியும் புதியவர்கள் எழுதினர். சிங்களக் கதைகள் தமிழில் பெயர்க்கப்பட்டன. வாசகர் கேள்விகளுக்கு ஆசிரியர் விடையளித்த 'தூண்டில்' பகுதியை முதலிற் புரட்டுவோர் அநேகர். படலைக்கு வெளியே நிறுத்தப்பட்ட குலத்திற் பிறந்தவர், தமது படலையை எல்லாருக்கும் திறந்து வைத்தார். அவர் வாழ்க்கையின் உச்சி இதுவே என்று எமக்குத் தோன்றுகின்றது.

அடுப்பும் அச்சும்

ஜீவா துறவியல்லர், மனைவி மக்களுடன் வாழ்ந்த குடும்பஸ்தர். எழுத்துக்காக இல்லறத்தைத் துறந்தவர்களையும், இல்லறத்துக்காக எழுத்தைத் துறந்தவர்களையும் நாம் அறிவோம். இரண்டையும் ஒரே தோளில் தாங்கியவர் சிலர். சிறு சஞ்சிகை நடத்துவோன் வீட்டில் அடுப்பும் அச்சும் ஒரே பணப்பெட்டியை நம்பி நிற்கும். மாத முடிவிலே கடதாசிக்காரரும் வருவார். அரிசிக் கடைக்காரரும் வருவார். இருவருக்கும் முகங் கொடுப்பதற்கு இலக்கிய ஞானம் போதாது. விடியற்காலையில் எழும் பழக்கமும் கணக்கு எழுதும் பழக்கமும் வேண்டும். சவரத் தொழிலே இவ்விரண்டையும் அவருக்குக் கற்பித்தது என்று நாம் துணிந்து கூறலாம். அத்தொழில் தந்த காசிலே வளர்ந்ததுதான் அந்தக் குடும்பமும் அந்த மல்லிகையும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நன்றன்று. இத்தகைய மனிதரைப் புகழும்போது, இல்லத்திலே அச்சுமையின் மறுபாதியைத் தாங்கிய பெண்ணைப் புகழ மறந்துவிடுகின்றோம். சஞ்சிகையின் அட்டையில் அவர் படம் வருவதில்லை. ஆயினும் நாற்பத்தாறு ஆண்டுக் கணக்கில் அவர் பங்கும் எழுதப்பட வேண்டியதே.

புயலில் நின்ற பூ

1981ஆம் ஆண்டு மே மாத முடிவிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாண நகரம் எரிந்தது. பொது நூலகமும், ஈழநாடு பத்திரிகை அலுவலகமும், புத்தகக் கடையும் தீக்கிரையாயின. 1983இல் இனக்கலவரம்; 1987இல் இந்தியப் படையினரின் வருகையும் போரும்; 1990 முதல் பொருளாதாரத் தடை. மின்சாரம் அற்றது, கடதாசி அருமையாயிற்று. மண்ணெண்ணெய் விளக்கிலே மாணவர் படித்த காலம் அது. அக்காலமெல்லாம் மல்லிகை யாழ்ப்பாண மண்ணைப் பற்றிக்கொண்டு நின்றது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்த பெருந்துயரின் பின்னர், மல்லிகை கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து மீண்டும் பூக்கத் தொடங்கிற்று. எழுபது வயதை நெருங்கிய ஒருவர், உடைமைகளை விட்டுவந்த ஊரிலிருந்து வேறோர் ஊருக்கு வந்து, தொழிலை முதலிலிருந்து ஆரம்பிப்பது எளிதன்று. அவர் ஆரம்பித்தார். 'மல்லிகைப் பந்தல்' என்னும் பெயரிலே பலருடைய நூல்களையும் வெளியிட்டார். 2012ஆம் ஆண்டின் இறுதிவரை, நானூறுக்கு மேற்பட்ட இதழ்களுடன், மல்லிகை மணம் வீசிற்று.

இக்காலத்திலேதான் 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்னும் தமது வாழ்க்கை வரலாற்றையும் அவர் எழுதினார். 2005ஆம் ஆண்டில் அரசு சாகித்திய ரத்னா விருதளித்துக் கௌரவித்தது. கனடா இலக்கியத் தோட்டமும் இயல் விருது வழங்கிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் அளிக்க முன்வந்தபோது மட்டும், அதனை ஏற்க அவர் மறுத்துவிட்டார். பட்டத்துக்காகப் பகலிரவாகப் படித்துக்கொண்டிருக்கும் எமக்கு இச்செய்தி முதலில் வியப்பளித்தது. பின்னர் யோசித்துப் பார்த்தோம். ஐந்தாம் வகுப்பிலே ஒரு கதவைச் சாத்திய சமூகம், அறுபது ஆண்டுகளின் பின் மற்றொரு கதவைத் திறந்தது. திறந்த கதவினுள் நுழைவதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை, அந்நேரத்தில், அவருடையதாக இருந்தது. அவ்வுரிமையை அவருக்கு எவரும் கொடுக்கவில்லை. அவரே உழைத்துச் சம்பாதித்துக்கொண்டார்.

நமது கடமை

நாம் மிஷன் பாடசாலையிலே பயின்றவர்கள். 'உழைப்பின் மகத்துவம்' என்னும் பொருளில் எத்தனையோ கட்டுரைகள் எழுதி நல்ல புள்ளிகள் பெற்றிருக்கின்றோம். ஆனால், அக்கட்டுரைகளை எழுதிய காலமெல்லாம் எமது தலைமுடியை மாதந்தோறும் வெட்டிவிட்ட ஐயாவின் பெயரை நாம் ஒருநாளாவது கேட்டதில்லை. இக்கட்டுரையை எழுத ஆரம்பித்த பின்பே இதனை உணர்ந்தோம். சென்ற மாதம் அவரிடம் போயிருந்தபோது பெயரைக் கேட்டோம். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் எம்மை ஒருகணம் பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார். முப்பது வருடமாகக் கடை நடத்துகின்றாராம். மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தாராம். இத்தனை காலம் அதே நாற்காலியில் இருந்த எமக்கு இவை எவையும் தெரியவில்லை.

ஆகவே, சங்கத்து இளைஞர்களே! பழைய மல்லிகை இதழ்கள் பல இன்று 'நூலகம்' இணையத்தளத்திலே காசின்றிக் கிடைக்கின்றன. அவற்றைத் தேடிப் படியுங்கள். அத்துடன் நில்லாது, உங்கள் ஊரிலே சலூன், தையற்கடை, தேநீர்க் கடை, சைக்கிள் திருத்தும் கடை என்று சிறு தொழில் நடத்திக் குடும்பங் காத்த முதியவர்களிடம் சென்று, அவர்கள் வரலாற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். பெரியோர்களே! அடுத்த வாணிவிழாவில், ஆயுத பூசைப் பீடத்திலே எல்லாத் தொழிற் கருவிகளுக்கும் இடமளியுங்கள். கருவியை மாத்திரம் வைத்துவிடாது, அதனைப் பிடித்த கைக்குரியவரையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள்.

கஸ்தூரியார் வீதியிலே ஒரு நாற்காலியின் பின்னே நின்ற மனிதர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் அதுவே. அதனைச் செய்த பின்னர், சுவரிலே எழுதியிருக்கும் அப்பழைய வாக்கை நாம் வெட்கமின்றி வாசிக்கலாம்.